பழைய துவக்குக் குழலில் சாயம் பிடிக்கவில்லையா? குறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

கடுக்காயோ பதிமுகமோ, எந்த மரச்சாயமும் வெறும் இரும்பில் ஒட்டாது. இரும்பின் மேல் நாமே மெல்லிசாக வளர்த்த துருவில்தான் ஒட்டும். துரு சரியில்லை என்றால் சாயத்தை மூன்று மடங்காக்கினாலும் பயனில்லை. குழல் வேலையில் "சாயம் பிழைத்துவிட்டது" என்று வருகிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றின் காரணம் எண்ணெய், தண்ணீர், துரு, சட்டி என்ற நாலில் ஒன்றுதான். சாயத்தின் மேல் பழி போடுமுன் இந்த நாலையும் பாருங்கள்.

வேலைக்கு முன் இரண்டு விசயம். அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கில், பத்திரக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே கைவையுங்கள். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை திறந்து பார்த்த பிறகே குழலைக் கழற்றுங்கள். அடுத்தது, பழைய மண்ணிறப் பூச்சு பாதியாவது மிஞ்சியிருக்கிற குழலைத் தொடவேண்டாம். ஆதிப் பூச்சைச் சுரண்டினால் பழம்பொருளின் பெறுமதி போய்விடும், திரும்பி வராது. சாயம் வடிவைத்தான் தரும், குழலின் பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரும்பும் உருக்கும் முறுக்கிச் சேர்த்த டமாஸ்கஸ் குழல் எவ்வளவு வடிவாக வந்தாலும் இன்றைய தோட்டாவுக்கு அதை நம்பவேண்டாம்.

பிழை இல்லாமல் போனால் எப்படிப் போகும்

குறிகளைப் படிக்குமுன் சரியான ஓட்டம் கையில் இருக்க வேண்டும். அளவுகள் 76 சென்ரிமீற்றர், அதாவது 30 அங்குல இரட்டைக் குழலுக்கு.

தொட்டி: 85 சென்ரிமீற்றர் நீளம், 12 அகலம், 12 உயரம். சில்வர் தகட்டில், அதாவது துருப்பிடிக்காத உருக்கில், ஒட்டுவேலைக்காரரிடம் செய்விக்கலாம். 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 8 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அடியில் இரண்டு அடுப்பு வேண்டும். ஒன்று போதாது, நடு கொதிக்கும், முனை கொதிக்காது. பனம் மட்டையும் பன்னாடையும் வைத்து எரித்தால் கரி பறந்து தண்ணீரில் படியும், மூடி போடுங்கள்.

துருவேற்றும் நீர்: 500 மில்லிலீற்றர் பற்றறித் தண்ணியில் (பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர், அமிலம் அல்ல) 10 கிராம் நவச்சாரம் (அமோனியம் குளோரைட்டு). பழைய முறைகளில் பாதரசம் கலந்த உப்புகளும் சொல்லப்பட்டிருக்கும். அவை நஞ்சு, வேண்டவே வேண்டாம்.

சுற்று: எண்ணெய் நீக்கிய குழலில், பிழிந்தெடுத்த துணியால் இந்த நீரை ஒரே இழுப்பாகப் பூசவும். ஈரப்பெட்டியில் (உள்ளே காற்றை ஈரமாக வைக்கிற மூடிய பெட்டி, செய்யும் விதம் கீழே ஊசிக்குழிக் குறியில்) தொங்கவிடவும். மெல்லிய சிவப்புத் துரு படர்ந்ததும் மழைத்தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிடவும். சிவப்புத் துரு அப்போது கறுப்பாக மாறும். காந்தக்கல்லில் இருப்பதும் இதே கறுப்பு ஒட்சைட்டுத்தான். எண்ணெய் கழுவிய 0000 இலக்க, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மேலே மிதக்கிற கரிப்பொடியை மட்டும் துடைக்கவும். இதே சுற்று 5 முதல் 8 தடவை.

உப்பு நீக்கம்: கடைசிச் சுற்று முடிந்ததும் புது மழைத்தண்ணீரில் 10 நிமிடம் வீதம் இரண்டு கொதி. இது சாயத்துக்கு முன்னால். ஏன் முன்னால் என்பது கீழே வரும்.

சாயம்: 8 லீற்றருக்குப் பதிமுகச் சீவல் 80 கிராம், கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் 24 கிராம். இரவு முழுக்க ஊறவைத்து, அரை மணித்தியாலம் கொதிக்கவைத்து, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிக்கவும். வடித்த சாயம் மெல்லக் கொதிக்கும்போது குழலை இறக்கி 5 நிமிடத்தில் ஒருதரம் தூக்கிப் பாருங்கள். 10 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். மழைத்தண்ணீரில் அலசி, குழலின் சூட்டிலேயே காயவிட்டு, எண்ணெய்.

கறுப்பு வேண்டாம், பழைய மண்ணிறமே வேண்டும் என்றால் கொதிக்கவைக்கும் படியை விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சுடுதண்ணீரால் அலசித் துடைத்தால் போதும். அதன் மேல் பதிமுகம் மட்டும் போட்டால் நாவற்பழத்தோல் போன்ற கருஞ்சிவப்புச் சாயல் வரும்.

பதிமுகம் ஏன்? மேல்நாட்டுக் குழல் வேலைக்காரர் கொதிநீரில் போட்டது லாக்வுட் என்ற மத்திய அமெரிக்க மரத்தின் சீவல். அது இங்கே கிடைப்பதில்லை. பதிமுகத்தின் சாயப்பொருள் அதற்கு நெருங்கிய உறவு, மூலக்கூற்றில் ஒரு ஒட்சிசன் அணு மட்டும் குறைவு. லாக்வுட் இரும்போடு நீலக்கறுப்பைத் தரும். பதிமுகம் ஊதா கலந்த கபிலத்தில் நின்றுவிடும். அந்தக் குறையைக் கடுக்காயின் துவர்ப்பு நிரப்புகிறது. இரண்டும் சித்த மருந்துச் சரக்குக் கடையில் வாங்கலாம். பதிமுகத்தைப் பதங்கம் என்றும் சொல்வார்கள். தூளாக வாங்கவேண்டாம், சீவலாக வாங்குங்கள்; தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

குறி: சாயத் தொட்டியிலிருந்து எடுத்தால் கறுப்பு, துடைத்தால் எல்லாம் துணியில்

இதுதான் அடிக்கடி வருவது. துணியில் வந்த கறுப்பை விரல் நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக மை மாதிரி இருந்தால் சாயம் பிடிக்க அடியில் துருவே இல்லை. இரண்டு மூன்று சுற்றோடு அவசரப்பட்டிருக்கிறீர்கள், அல்லது குழலைக் கண்ணாடிபோல மினுக்கியிருக்கிறீர்கள். எமரித்தாளில் 400க்கு மேல் போனால் துருநீர் பிடிக்க மேடுபள்ளம் இருக்காது. திரும்ப 320இல் நீளவாக்கில் ஒரே சீராக உரஞ்சி, முதலாம் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மை மாதிரி இல்லாமல் நறநறப்பாக வந்தால் பிழை வேறு. துரு மொத்தமாக ஏறியிருக்கிறது, அடித்தட்டுப் பிடிக்குமுன் மேல்தட்டு வளர்ந்துவிட்டது. சாயம் அந்த மேல்தட்டில் ஏறி, அதோடேயே கழன்று வந்துவிடுகிறது. இதற்கு முழுவதையும் கழற்ற வேண்டாம். இரும்புப் பஞ்சால் தளர்ந்தது எல்லாம் போகும்வரை துடைத்து, இன்னும் இரண்டு சுற்று மெல்லிசாகப் பூசி, பிறகு சாயம்.

நல்ல துரு எப்படி இருக்கும் என்று கேட்டால், பறித்த நாவற்பழத்தின் மேல் பூத்திருக்கிற மாவைப் பாருங்கள். விரல் பட்டால் தடம் விழும், ஆனால் தடிப்பு என்று ஒன்று தெரியாது. கெட்ட துரு சீனிக் குறுணி தூவினதுபோல் இருக்கும்.

குறி: திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது, விரல் தடம் தெரிகிறது

எண்ணெய். வேறு காரணம் தேடவேண்டாம்.

சோதனை: குழலில் மழைத்தண்ணீரை வார்த்துப் பாருங்கள். சேம்பிலையில்போல முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் எண்ணெய் இருக்கிறது. தகடாகப் பரவி முழுக் குழலையும் நனைத்தால் சுத்தம்.

பெற்றோலும் தின்னரும் எண்ணெயைப் பரப்புமே தவிர முழுதாக எடுக்காது. லீற்றருக்கு 30 கிராம் சலவைச்சோடா போட்ட தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, பிறகு நீற்றின சுண்ணாம்பைக் களியாகக் குழைத்துக் குழல் முழுக்கப் பூசிக் காயவிட்டு, சுத்தமான தும்புத் தூரிகையால் தட்டுங்கள். வெற்றிலைக்கு வைத்திருக்கிற சுண்ணாம்பே போதும், பழைய குழல் வேலைக்காரரும் சுண்ணாம்பைத்தான் நம்பினார்கள். பிறகு மழைத்தண்ணீரில் நன்றாக அலசவேண்டும். சுண்ணாம்பு மிஞ்சினால் அடுத்த குறிக்கு அதுவே காரணமாகிவிடும்.

இதிலிருந்து எண்ணெய் பூசும் கடைசி நிமிடம் வரை வெறுங்கை படக்கூடாது. றப்பர் கையுறைகூடப் புதியதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் போடவேண்டும். உள்ளே பூசிய தூள் வெளியிலும் ஒட்டியிருக்கும். இரும்புப் பஞ்சையும் மறக்கவேண்டாம். கடையில் வருகிற பஞ்சு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் வரும். சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்த பிறகே குழலில் வையுங்கள்.

குறி: கறுப்பில் சிவப்பு அல்லது ரோசாச் சாயல் ஓடுகிறது

யாழ்ப்பாணத்தில் இந்தக் குறி வந்தால் முதலில் கிணற்றைப் பாருங்கள். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் அதில் ஊறித்தான் மேலே வருகிறது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம்தான். பதிமுகச் சாயத்துக்குப் புளிப்பு இருந்தால் மஞ்சள், காரம் இருந்தால் சிவப்பு. கடின நீரைக் கொதிக்கவைக்கக் கொதிக்கவைக்கக் காரத்தன்மை ஏறும், சாயம் சிவந்துகொண்டே போகும்.

கண்ணால் பார்க்க இரண்டு கண்ணாடித் தம்ளர் போதும். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர், இரண்டும் சூடாக. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை பதிமுகச் சீவல். ஐந்து நிமிடத்தில் கிணற்றுத் தம்ளர் செம்பருத்திபோலச் சிவக்கும். மழைத் தம்ளர் வெளிர்த் தேயிலை நிறத்தில் நிற்கும். சிவந்த தம்ளரில் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட்டால் அதுவும் மஞ்சளுக்கு வரும். இதைப் பார்த்துவிட்டுத் தொட்டியிலும் தேசிக்காய் பிழியத் தோன்றும். வேண்டாம். புளிப்பு சாயத்தைத் திருத்தும், ஆனால் அடியிலுள்ள துருத்தட்டைக் கரைத்துக் குழலைச் சாம்பல் நிறமாக்கிவிடும். தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

மாரியில் கூரைப் பீலி தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முதல் மழையைப் போகவிட்டு, மூன்றாம் நாலாம் மழையைப் பிடிக்கவும். தகரக் கூரை, சீமெந்துத் தொட்டி வழியாக வந்த தண்ணீர் அவ்வளவு நல்லதல்ல. ஓட்டுக்கூரையிலிருந்து நேரே பிளாஸ்ரிக் வாளிக்கு வந்தது நல்லது. கோடையில் பற்றறித் தண்ணி வாங்குவதைத் தவிர வழியில்லை. செலவுதான், ஆனால் ஒரு குழலுக்குச் சாயத்துக்கு மட்டும் 8 லீற்றர் போதும். இடைச்சுற்றுக் கொதிகளுக்கும் அதே வகைத் தண்ணீர் இருந்தால் நல்லது. முடியாவிட்டால் கொதிக்கவைத்து ஆறவிட்டு மேலாக வடித்த கிணற்றுத் தண்ணீரை முதல் சுற்றுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் அதுவும் கூடாது. உவர் கொதிக்கவைத்தால் போகாது, இன்னும் இறுகும்.

தண்ணீர் சரி, ஆனால் கடைசியில் அப்பச்சோடா போட்டு அலசியதும் சிவந்தது என்றால் அதுவும் இதே கதை. துருநீரின் உப்பை முறிக்கச் சோடா போடுவது பலரின் பழக்கம். அதைச் சாயத்துக்கு முன் செய்யவேண்டும். அதனால்தான் உப்பு நீக்கும் கொதியை மேலே முன்னால் வைத்தது. சிவந்துபோன குழலைப் புதுச் சாயத்தில் மூன்று நிமிடம் வைத்தால் பெரும்பாலும் திரும்பும்.

குறி: வெள்ளைப் புள்ளி, மாப் பொருக்கு

மேலே சொன்ன அதே கல்சியம். சூடான குழலைத் தூக்கியதும் தண்ணீர் துளியாக நின்று காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். தூக்கியதும் சாய்த்துப் பிடித்து ஒரு பக்கமாக வடியவிடுங்கள், நிற்கிற துளியைச் சுத்தமான துணி முனையால் தொட்டெடுங்கள். விழுந்துவிட்ட வட்டத்தைத் துணியால் அழுத்தித் தேய்க்கவேண்டாம். எண்ணெய் பூசும்போது பாதி மறையும், மீதியை இரும்புப் பஞ்சால் மெல்லத் தொட்டால் போகும்.

குறி: செம்புக்காசு நிறத் திட்டுகள்

துருசு (செப்பு சல்பேற்று) கூடிவிட்டது. கறுப்பை ஆழமாக்கச் சாயத் தொட்டியில் துளி துருசு போடுவது பழைய முறை, பயனும் உண்டு. ஆனால் வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் செம்பு படிந்துவிடும். வெல்வெட்டுக் கறுப்புக்கு நடுவில் புதுச் சதக்காசு ஒட்டினமாதிரித் தெரியும். 8 லீற்றருக்கு 1 கிராமுக்கு மேல் போகவேண்டாம். சமையல் தராசில் 1 கிராம் நிறுக்க வராது, 10 கிராமை ஒரு லீற்றரில் கரைத்து அதில் 100 மில்லிலீற்றர் எடுங்கள்.

திட்டு விழுந்த இடத்தை இரும்புப் பஞ்சால் துடைத்து, அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு துருச் சுற்றுப் போட்டு, துருசு இல்லாத சாயத்தில் இறக்கவும். செம்பு விழுந்த இடமெல்லாம் துரு பிடிக்காத இடம் என்பதையும் இந்தத் திட்டு காட்டிக்கொடுக்கிறது. பிழை இரண்டு, வெளியே தெரிவது ஒன்று.

துருசு போட்ட சாயத்தைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம். நம்முடைய மண் மெல்லியது, அடியில் பிளவுபட்ட சுண்ணாம்புக்கல், ஊற்றியது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுண்ணாம்பு கலந்து ஒரு நாள் வைத்தால் செம்பு அடியில் நீலப்பச்சையாகப் படியும். அந்த வண்டலைச் சீமெந்தோடு குழைத்து இறுக்கிவிடலாம். துருசும் தொட்டியும் குசினிப் பக்கமே போகக்கூடாது.

குறி: ஒலிவ் பச்சை, மங்கல் மண்ணிறம்

கடுக்காய்க்குப் பதில் மாதுளந்தோலோ ஆவரசம்பட்டையோ போட்டிருப்பீர்கள். இரண்டிலும் துவர்ப்பு உண்டு, இரும்போடு கறுக்கவும் செய்யும், ஆனால் கூடவே மஞ்சள் சாயமும் இருப்பதால் பச்சை தட்டும். வளவில் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றுவது இயல்பு. துணிக்குப் போடுங்கள், குழலுக்குக் கடுக்காய்.

கண்டல்பட்டையையும் சிலர் கேட்பார்கள், வலைக்குக் காய்ச்சிய சாயம்தானே என்று. களப்பு உப்பில் வளர்ந்த மரம், பட்டையோடு உப்பும் வரும். கண்டலை உரிக்கவும் கூடாது. சாயவேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டின பேர்போன வேர்தான். அதன் சிவப்பு படிகாரம் ஏற்றின பருத்தித் துணிக்கு உரியது, குழல் கறுப்புக்கு அதால் ஒரு உதவியும் இல்லை.

குறி: சாயத் தொட்டியே மைக்கூடாகிவிட்டது, குழலில் நிறம் இல்லை

சட்டி பிழை. இரும்புத் தாச்சியில் காய்ச்சினால் துவர்ப்பு முழுவதும் தாச்சியின் இரும்போடு சேர்ந்து அங்கேயே கறுத்து முடிந்துவிடும். அலுமினியமும் சாயத்தைப் பிடித்து நிறத்தை மாற்றும். வெட்டின தகரப் பீலி நீளத்துக்குச் சரியாக இருக்கிறதே என்று அதில் கொதிக்கவைப்பவர்கள் உண்டு. நாகம் பூசின தகரம் கூடவே கூடாது, நாகம் கரைந்து குழலில் துரு கறுக்கும் வேலையையே கெடுக்கும். சில்வர், அல்லது பூச்சு உடையாத எனாமல்.

குறி: பொடிக் கரும்புள்ளிகள்

சாயத்தை வடிக்கவில்லை. கடுக்காய்த் தூள் ஒட்டின ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. இன்னொரு தரம் வடித்து, மூன்று நிமிடம் இறக்கினால் சுற்றுப்புறமும் கறுத்துப் புள்ளி மறையும்.

குறி: நீளவாக்கில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் வெளுப்பு

தண்ணீர் வற்றிக் குழல் வெளியே தெரிந்திருக்கிறது. குழலுக்கு மேல் 2 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கவேண்டும். குறைந்தால் வேறு அடுப்பில் கொதிக்கிற தண்ணீரால் நிரப்பவும். குளிர் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி இன்னொரு கோடு விழும்.

குறி: நடு விலாவின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு, சாம்பல் நிறக் கீற்று

இரட்டைக் குழலில் இரண்டு குழலையும் சேர்க்கிற விலாவுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். நூறு வருட எண்ணெய் அதற்குள் இருக்கிறது. கொதியில் சூடானதும் அது கசிந்து ஓரத்தில் வழிந்து, வழிந்த இடமெல்லாம் துருவும் பிடிக்காது சாயமும் பிடிக்காது. ஒரு சோடாக் கொதியால் இது தீராது. தொடங்குமுன் மூன்று நாலு சோடாக் கொதி, ஒவ்வொன்றுக்கும் இடையில் குழலைச் செங்குத்தாக ஒரு இரவு நிறுத்தி வைத்தல் என்று பொறுமையாகத்தான் வெளியேற்ற வேண்டும். கசிவு நின்றதா என்று பார்க்க, சூடான குழலின் விலா ஓரத்தில் வெள்ளைத் துணியை ஓட்டுங்கள்.

கசிவே இல்லாமல் சாம்பல் கீற்று மட்டும் இருந்தால் அது ஈயப்பற்று. ஈயமும் வெள்ளீயமும் துருப்பிடிக்காது, சாயமும் ஏறாது. விலாவுக்கு வெளியே வழிந்த பற்றைக் கூரான பித்தளைத் தகட்டால் சுரண்டலாம். மூட்டில் இருப்பதைத் தொடவேண்டாம், அந்த மயிர்க்கோடு இருக்கத்தான் செய்யும். இந்தப் பற்று 183 பாகை செல்சியசளவில் இளகத் தொடங்கும். கொதிநீரின் 100 பாகை அதை ஒன்றும் செய்யாது. ஊதுலாம்பால் குழலைக் காயவைக்கப் போனால் விலா கழன்று கையில் வரும். எரிசோடாக் கொதியில் கறுப்பேற்றும் இன்றைய முறையும் பழைய இரட்டைக் குழலுக்கு ஆகாது. அந்தக் காரம் பற்றையே தின்னும்.

குறி: டமாஸ்கஸ் சுருள் மறைந்து ஒரே கறுப்பு

இங்கே சாயம்தான் குற்றவாளி. பெல்ஜியத்து லியேஜிலும் இங்கிலாந்துப் பேமிங்காமிலும் 19ஆம் நூற்றாண்டில் செய்த இந்தக் குழல்களில் இரும்பும் உருக்கும் வேறு வேறு வேகத்தில் துருப்பிடிப்பதால்தான் சுருள் தெரிகிறது. கடுக்காய் இரண்டையும் ஒரே மாதிரிக் கறுப்பாக்கும். டமாஸ்கசுக்குக் கடுக்காயைக் கால் பங்காக, 8 லீற்றருக்கு 6 கிராமாகக் குறைத்து, பதிமுகத்தை அப்படியே வைத்து, நிமிடத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்க்கவேண்டும். சுருள் நன்றாகத் தெரிகிற நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் போச்சு.

மறைந்துபோன சுருளை மீட்க, 0000 பஞ்சை மழைத்தண்ணீரில் நனைத்து மிக மெல்ல, நீளவாக்கில் மட்டும் துடையுங்கள். ஒரு கைநீளம் செய்து நிறுத்திப் பாருங்கள். மேட்டிலுள்ள கறுப்பு விலகி, பள்ளத்தில் உள்ளது நிற்கும். பள்ளமே இல்லாமல் மினுக்கியிருந்தால் மீட்க ஒன்றும் இல்லை, துருச் சுற்றிலிருந்து தொடங்கவேண்டும். டமாஸ்கசுக்குச் சுற்றும் 5 போதும், 8 கூடாது.

குறி: ஊசிக்குழிகள், சொரசொரப்பு

நேரம். புத்தகங்களில் 12 மணித்தியாலம் என்று இருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே மாரியில் ஈரப்பெட்டியே தேவையில்லை, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் துரு வந்துவிடும். இரவு முழுக்க விட்டால் காலையில் குழிதான். சோளகக் காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும், அப்போது பெட்டி வேண்டும். ஒரு மீற்றர் நீளப் பீவீசீக் குழாயை, 110 மில்லிமீற்றர் அகலத்தில், நிமிர்த்தி, அடியில் நனைத்த சாக்குத்துண்டு போட்டு, குழலை எதிலும் முட்டாமல் தொங்கவிட்டு மேலே மூடினால் நல்ல பெட்டி. அதிலும் மணித்தியாலத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்கள். நேரத்தை மணிக்கூட்டில் பார்க்காமல் துருவின் நிறத்தில் பார்க்கவேண்டும். கரையோர வீடுகளில் வெளியில் தொங்கவிடவே வேண்டாம். காற்றில் வருகிற உப்பு தனியாக வேலை செய்யும்.

விழுந்த குழியை உரஞ்சி எடுக்கப் பார்த்தால் குழலின் தடிப்புக் குறையும். ஆழமில்லாததை விட்டுவிடுங்கள், சாயம் ஓரளவு மறைக்கும். முத்திரை எழுத்துகள் உள்ள இடத்தில் எமரித்தாள் படவே கூடாது.

குறி: குழலுக்குள் துரு

இரு முனையையும் கட்டையால் அடைத்துக் கொதிக்கவைப்பவர்களுக்கு: உள்ளே அடைபட்ட காற்று 25 பாகையிலிருந்து 100க்குப் போகும்போது அழுத்தம் கால் பங்கு ஏறும். இளக்கமான பூவரசங் கட்டை கொதி நடுவே தெறிக்கும், சுடுதண்ணீர் முகத்தில் அடிக்கும். திறந்தே கொதிக்கவிடுவது மேல். ஒவ்வொரு கொதிக்குப் பிறகும் சூடு இருக்கும்போதே காய்ந்த துணியை உள்ளே இரண்டு தரம் தள்ளி எடுங்கள். எல்லாம் முடிந்ததும் உள்ளே எண்ணெய் விட்டுப் பித்தளைத் தூரிகையால் ஒரு ஓட்டு ஓட்டினால் மெல்லிய துரு போய்விடும்.

குறி: ஒரு மாதம் கழித்துச் செந்துரு திரும்பி வருகிறது

நவச்சாரத்தின் குளோரைட்டு மிஞ்சியிருக்கிறது, அல்லது எண்ணெய் பிழை. முதலாவதற்கு உப்பு நீக்கும் இரண்டு கொதியையும் புதுத் தண்ணீரில் செய்தீர்களா என்று பாருங்கள்; ஒரே தண்ணீரை இரண்டு தரம் கொதிக்கவைப்பதில் அர்த்தமில்லை. விலா வெற்றிடத்துக்குள் போன தண்ணீரும் பல நாள் கழித்துத் துருவாக வெளிவரும். முடித்த குழலை ஒரு நாள் முழுக்க வெயிலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்தினால் இது குறையும்.

எண்ணெய்க்கு வந்தால், தேங்காயெண்ணெய் பூசவேண்டாம். நாளாகிச் சிக்குப் பிடித்துப் புளிக்கும், புளித்ததே துருவுக்கு வழி. முதல் நாள் தையல் இயந்திர எண்ணெயை நிறையத் தடவி ஒரு இரவு விடுங்கள். புதுப் பூச்சு அதைக் குடிக்கும். அடுத்த நாள் துடைத்துவிட்டு, தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து அடுப்படியை விட்டு வெளியே கொண்டுபோன பிறகே டர்பன்டைனை ஊற்றிக் கலக்குங்கள். மெல்லிசாகப் பூசிக் காயவிட்டுத் துணியால் மினுக்கவும். மாரி தொடங்குமுன் ஒருதரமும் முடிந்ததும் ஒருதரமும் இதைப் பூசினால் போதும். துவக்கை உறைக்குள் போட்டு வைக்கவேண்டாம். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட தோலில் மிஞ்சிய உப்பும் புளிப்பும் குழலில் ஊறும்.

குறி: வெள்ளைச் சட்டையில் மண்ணிறக் கறை

குழலை மழைத்தண்ணீரில் போதுமானளவு அலசவில்லை, துவர்ப்பு மேலே காய்ந்து நிற்கிறது. மெழுகை டர்பன்டைன் துணியால் எடுத்து, வெதுவெதுப்பான மழைத்தண்ணீரால் இரண்டு தரம் துடைத்து, காயவைத்து, திரும்ப மெழுகு. சட்டைக் கறைக்கு தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டுப் பாருங்கள். புதுக் கறையாக இருந்தால் போகும்.